ஸ்கீ மேல, சைக்கிள் பின்னால: பழைய செடானே போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்க பேப்பரோட வண்டிப் பக்கத்துல ஒரு வாசகர் கேள்வி வந்திருந்துச்சு, பழைய செடான் வச்சிருக்கேன், பனிக்காலத்துல ஸ்கீயும் (பனியில சறுக்கற நீளப் பலகை) மத்த நாள்ல சைக்கிளும் ஏத்திட்டுப் போகணும், என்ன ரேக் மாட்டலாம்னு. அதுக்கு வந்த பதில் ரெண்டே வரி, செடான்ல அதெல்லாம் சரிப்பட்டு வராது, எஸ்யூவிக்கு மாறிடுங்கன்னு. படிச்சதும் சிரிப்பு வந்துச்சு, அப்புறம் கொஞ்சம் கோவமும். மனுஷன் கேட்டது ரேக்கு, நீங்க சொன்னது புது வண்டி. வருஷக்கணக்கா பழைய செடான்லயே ரெண்டையும் ஏத்திட்டுப் போறவன்ங்கிற உரிமையில இதை எழுதறேன். என் கட்சி என்னன்னா ஸ்கீ மேல போகட்டும், சைக்கிள் பின்னால போகட்டும், எல்லாத்தையும் கூரை மேலயே அடுக்கணும்னு நினைக்கறப்பதான் செடான் பத்தாத மாதிரி தெரியுது.

முதல்ல பாக்க வேண்டியது வண்டியோட கூரை. ரொம்பப் பழைய வண்டின்னா கதவுக்கு மேல ரெண்டு பக்கமும் மழைத்தண்ணி வழிஞ்சு ஓட ஒரு தகட்டு விளிம்பு இருக்கும், 1974ல இருந்து 1993 வரைக்கும் வந்த வோல்வோ 240 மாதிரி வண்டிங்கள்ல பாத்திருப்பீங்க. அது இருந்தா உங்களுக்கு யோகம்தான், அந்த விளிம்பைப் பிடிச்சுக்கற கால் எந்த வண்டிக்கும் பெரும்பாலும் பொதுவா ஒத்துவரும், மாட்டறதும் சுலபம். அதுக்கப்புறம் வந்த செடான்கள்ல கூரை மொட்டையா இருக்கும், தண்டவாளம் மாதிரி பாரும் கிடையாது ஒண்ணும் கிடையாது. சிலதுல மட்டும் கதவைத் திறந்தா உள் விளிம்புலயோ, இல்ல கூரையோரம் சின்ன பிளாஸ்டிக் மூடிக்கு அடியிலயோ போல்ட்டு போடறதுக்குன்னே ஓட்டை விட்டிருப்பாங்க, நிறைய பேர் தன் வண்டியில அது இருக்கறதே தெரியாம பல வருஷம் ஓட்டிட்டு இருப்பாங்க.

மொட்டைக் கூரைக்கு ரேக் வாங்கறப்ப மூணு தனித்தனி சாமான் வேணும்னு கடையில யாரும் பொறுமையா சொல்ல மாட்டாங்க. குறுக்குப் பார் ஒண்ணு, அதைத் தாங்கற கால் ஒண்ணு, அந்தக் காலுக்கும் உங்க வண்டியோட கதவு விளிம்புக்கும் நடுவுல உக்கார்ற கிளிப்பும் ரப்பர் பேடும் ஒண்ணு. இந்த மூணாவதுதான் உயிர். அது அந்தந்த மாடல், அந்தந்த வருஷத்துக் கூரை வளைவுக்குன்னே செஞ்சது. ஒரே பேர்ல வந்த வண்டியா இருந்தாலும் அடுத்த தலைமுறைக்குக் கூரை மாறியிருக்கும், ரெண்டு கதவு வண்டிக்கும் நாலு கதவு வண்டிக்கும் கூட மாறும். பாக்க ஒரே மாதிரி இருக்குன்னு வேற வண்டி கிளிப்பைப் போட்டு இறுக்கினா நின்ன இடத்துல கெட்டியாதான் நிக்கும், ஹைவேல காத்து கீழேருந்து தூக்கறப்பதான் குட்டு வெளிப்படும். பழைய வண்டிக்காரங்களுக்கு இன்னொரு தலைவலி, இந்தக் கிளிப் செட்டை கம்பெனிக்காரங்க சில வருஷத்துல நிறுத்திடுவாங்க. அதனால செகண்ட் ஹேண்டுல தேடறவங்க பாரைப் பாத்து மயங்காம முதல்ல கிளிப் செட்டோட நம்பரைக் கேளுங்க, கம்பெனியோட பொருத்தப் பட்டியல்ல உங்க வண்டி வருஷத்தோட சரிபாருங்க, அது கிடைச்சா பாரும் காலும் எப்படியும் கிடைச்சிடும், அது இல்லாம மத்தது எவ்வளவு மலிவா வந்தாலும் கராஜ்ல தூங்கப் போற இரும்புதான்.

துருவைப் பத்தியும் சொல்லணும், பழைய வண்டியாச்சே. கதவு மேல்விளிம்புல பெயிண்டு கொப்புளம் விட்டிருந்தா, தகட்டு விளிம்பைக் கட்டை விரலால அழுத்தினா பொருக்கு உதிர்ந்தா, அங்க ரேக் மாட்டாதீங்க, முதல்ல டிங்கரிங் வேலை. கதவோரத்து ரப்பர் பீடிங் காஞ்சு வெடிச்சிருந்தா கிளிப் உக்கார்ற இடத்துல மழைத்தண்ணி உள்ள கசியும். அப்புறம் பேடுக்கு அடியில மண்ணு துகள் ஒண்ணு மாட்டினாலும் அது ஆடி ஆடியே பெயிண்டைத் தேச்சிடும், அதனால மாட்டறதுக்கு முன்னாடி கூரையைக் கழுவி துடைச்சிட்டு மாட்டறது ரெண்டு நிமிஷ வேலை. சன்ரூஃப் இருக்கறவங்க அதைத் தூக்கித் திறக்கறப்ப பார்ல இடிக்குதான்னு மெதுவா ஒரு தடவை பாத்துக்கோங்க.

இப்ப எடைக் கணக்கு, யாரும் பேசாத விஷயம். வண்டியோட மேனுவல்ல கூரை எவ்வளவு தாங்கும்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, செடானுக்கு 75 கிலோன்னு நிறைய வண்டியில இருக்கும், 50 கிலோன்னு இருக்கற சின்ன வண்டியும் உண்டு. அந்த எடையில பார், பார்மேல சைக்கிளையோ ஸ்கீயையோ பிடிச்சு நிறுத்தற கேரியர், சாமான் எல்லாமே அடக்கம், வெறும் சைக்கிளோட எடை மட்டும் இல்ல. பாரும் காலும் சுமாரா 5 கிலோ, சைக்கிள் கேரியர் ஒண்ணு 5 கிலோன்னு வைங்க, மலைச் சைக்கிள் 14 கிலோ. ரெண்டு சைக்கிள்னா 43 கிலோ, மூணுன்னா 62, நாலுன்னா 81, அதாவது 75 கிலோ கூரையையே தாண்டிடுச்சு, 50 கிலோ கூரைன்னா மூணாவதுலயே முடிஞ்சது கதை. பார் கம்பெனிக்காரன் அட்டையில 100 கிலோன்னு போட்டிருக்கானேன்னு கேப்பாங்க, அது பாரோட பலம், உங்க கூரையோட பலம் இல்ல. வண்டி, பார், கேரியர்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் இருக்கும், இருக்கறதுலயே சின்ன நம்பர் எதுவோ அதுக்குத்தான் மரியாதை. பேட்டரி சைக்கிள் வச்சிருக்கறவங்க கூரையை மறந்துடுங்க, அது பல மாடல் 20 கிலோவுக்கு மேல இருக்கும், கூரைக் கேரியர்கள் பெரும்பாலும் ஒரு சைக்கிளுக்கு 15ல இருந்து 20 கிலோதான் தாங்கும்.

இதே கணக்கை ஸ்கீக்குப் போட்டுப் பாருங்க. பூட்ஸைப் பலகையோட பிணைக்கற பிடி, அதான் பைண்டிங், அதோட ஒரு ஜோடி 6 கிலோன்னு வச்சாலும் நாலு ஜோடி 24, அதோட கேரியரும் பாரும் சேத்தாலும் 35க்குள்ள அடங்கிடும். படுத்த வாக்குல போறதால காத்துக்கும் அவ்வளவா முட்டுக்கட்டை இல்ல, உயரமும் கூடாது. அதனாலதான் ஸ்கீ மேலன்னு சொல்றேன். ஆனா மேல ஏத்தறதுக்கு முன்னாடி பின் சீட்டு நடுவுல இருக்கற கைதாங்கியைக் கீழ இறக்கிப் பாருங்க, பல செடான்கள்ல அதுக்குப் பின்னாடி டிக்கிக்குப் போற சின்னக் கதவு ஒண்ணு இருக்கும், நீளமான சாமான் வைக்கறதுக்குன்னே விட்டது. ஒண்ணு ரெண்டு ஜோடி அதுலயே உள்ள போயிடும், ரேக்கே வேணாம், நனைஞ்ச ஸ்கீயை ஒரு பையில போட்டு வாரால கட்டிட்டா போதும். கட்டாம மட்டும் விடாதீங்க, சடன் பிரேக் போட்டா அது நேரா முன்னாடிதான் வரும்.

கூரையில வைக்கறவங்க வளைஞ்ச முனை வண்டியோட பின்பக்கம் பாக்கற மாதிரி வைங்க, முன்னாடி பாத்து வச்சா காத்து அந்த வளைவுக்கு அடியில புகுந்து தூக்கும், கேரியர் கம்பெனிங்களும் இதையேதான் சொல்றாங்க. ரெண்டு பாருக்கும் நடுவுல 60, 70 சென்டிமீட்டராவது இருக்கணும், செடான் கூரை குட்டைங்கறதால இதுல கொஞ்சம் இழுபறி வரும், ரெண்டு கதவு வண்டியில இன்னும் கஷ்டம். பைண்டிங் தொங்கிக் கூரையில தட்டுதான்னு பாருங்க, தட்டினா கேரியரை உயர்த்தற அடாப்டர் இருக்கு. டிக்கியை முழுசாத் திறந்தா அதோட விளிம்பு ஸ்கீ முனையில இடிக்குதான்னும் பாத்துடுங்க. பனி உருக ரோட்டுல உப்பு போடற ஊருங்கள்ல அந்த உப்புத்தண்ணி தெறிச்சு ஸ்கீயோட இரும்பு விளிம்பும் பைண்டிங்கும் துருப்பிடிக்கும், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணில கழுவித் துடைக்கறது நல்லது. காந்தத்துல ஒட்டற ஸ்கீ ரேக் ஒண்ணு விக்கிது, பழைய வண்டிங்க பெரும்பாலும் இரும்புக் கூரைங்கறதால ஒட்டும்தான், ஆனா கூரையில பனியும் அழுக்கும் இருக்கறப்ப அதை நம்பி ஹைவேல போக எனக்கு மனசு வராது, அது என் குணம்.

சைக்கிளுக்கு வருவோம். கூரையில நிமிர்த்தி வச்ச சைக்கிள் காத்துக்குப் பெரிய தடை, பக்கக் காத்து அடிச்சா ஸ்டியரிங்குலயே தெரியும், பாரம் மேல இருக்கறதால வளைவுல வண்டி சாயறதும் கூடும். அமெரிக்க அரசோட எரிபொருள் சிக்கனக் கணக்குல கூரைமேல பெரிய பெட்டி வச்சா ஹைவேல மைலேஜ் 6ல இருந்து 17 சதவீதம் வரைக்கும் குறையும், மணிக்கு 105, 120 கிலோமீட்டர் வேகத்துல போனா 10ல இருந்து 25 வரைக்கும் போகும், அதுவே வண்டிக்குப் பின்னாடி மாட்டற பெட்டின்னா ஹைவேல 1ல இருந்து 5 சதவீதம்தான்னு சொல்றாங்க. அது பெட்டிக்கான கணக்குதான், ஆனா சைக்கிளும் அதே காத்துலதானே நிக்குது. இது போதாதுன்னு உயரம் வேற. செடான் ஒண்ணரை மீட்டர்னா மேல சைக்கிள் நின்னதும் இரண்டரை மீட்டருக்கு மேல போயிடும், மூடின பார்க்கிங் பலதுல நுழைவு உயரம் 2 மீட்டர், 2.1 மீட்டர்தான். களைச்சுப்போய் வீட்டுக்கு வர்றவங்க மேல சைக்கிள் இருக்கறதையே மறந்து கராஜுக்குள்ள விட்டுடறது உலகம் பூரா நடக்கற கூத்து, சைக்கிளும் போய், ரேக்கும் போய், கூரையும் நசுங்கிடும். கூரையிலதான் வைப்பேன்னு அடம்பிடிக்கறவங்க டேஷ்போர்டுல ஒரு சீட்டாவது ஒட்டி வைங்க.

பின்னால வைக்கறதுல ரெண்டு வழி. வாரும் கொக்கியும் போட்டு டிக்கி மூடியில மாட்டற ரேக் மலிவு, எடை கம்மி, எப்பவாவது போறவங்களுக்கு அது போதும். ஆனா கொக்கி இரும்புத் தகட்டு விளிம்புலதான் மாட்டணும், கண்ணாடி விளிம்புலயோ பிளாஸ்டிக் ஸ்பாய்லர்லயோ மாட்டவே கூடாது. கிளம்பி கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி வாரை மறுபடி இறுக்குங்க, சைக்கிள் குலுங்கறதுல முதல்ல கட்டாயம் தளரும். வெயில்ல கிடந்து வெளிறிப்போன பழைய வார் இருந்தா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க. ரேக் மாட்டியிருக்கறப்ப டிக்கியைத் திறக்கக் கூடாதுங்கறதால சாப்பாட்டுப் பை, காத்து பம்ப் எல்லாம் முன்னாடியே சீட்டுப் பக்கம் வந்துடணும்.

அடிக்கடி போறவங்களுக்கு வண்டிக்கு அடியில ஹிட்ச், அதாவது பின்னால இழுவைக்குன்னு மாட்டற இரும்புக் கொக்கிச் சட்டம் போட்டு அதுல ரேக் சொருகறதுதான் என் ஓட்டு. பழைய செடானுக்கும் தனியா ஹிட்ச் செஞ்சு விக்கிற கம்பெனிங்க இருக்கு, வட அமெரிக்காவுல கார்களுக்கு ஒண்ணேகால் இன்ச் வாய் வச்சது வரும், ஐரோப்பாவுல உருண்டைக் கொக்கி, அதுமேலயே உக்கார்ற ரேக்கும் கிடைக்கும். சைக்கிளை இடுப்பு உயரத்துக்குத் தூக்கினா போதும், வயசானவங்களுக்கும் குட்டையானவங்களுக்கும் இதுவே பெரிய உபகாரம். இதுக்கும் எடை வரம்பு உண்டு, கொக்கிமேல செங்குத்தா எவ்வளவு அழுத்தலாம்னு வண்டிக்கும் ஹிட்சுக்கும் தனித்தனி நம்பர் இருக்கும், ரேக்கே 15, 20 கிலோ வரும்ங்கறதை மறந்துடாம கூட்டுங்க. சைக்கிள் வண்டியை விட்டு எவ்வளவு வெளிய தள்ளி நிக்குதோ அவ்வளவு நெம்பும், அதனால கனமான சைக்கிளை வண்டிப் பக்கமா முதல்ல வைங்க. போல்ட்டு ஏறப் போற அடித்தகட்டுல துரு இருக்கான்னு மெக்கானிக் வண்டியை ஏத்தி டார்ச் அடிச்சுப் பாக்கணும், போட்டோ பாத்து முடிவு பண்ற வேலை இல்ல. பின் ஸ்பிரிங் தளர்ந்த வண்டின்னா பின்பக்கம் இறங்கி ஹெட்லைட் எதிர்ல வர்றவங்க கண்ணுல அடிக்கும், அதையும் இறக்கிக்கோங்க.

சைலன்சர் புகை நேரா எந்தச் சைக்கிள் டயர் மேல அடிக்குதுன்னும் குனிஞ்சு பாருங்க, ஒரு நீளப் பயணத்துல டயரும் கார்பன் ரிம்மும் உருகிப்போற அளவுக்குச் சூடு வரும். நம்பர் பிளேட்டும் டெயில் லைட்டும் மறைஞ்சா பல நாட்டுல அபராதம், லைட்டும் நம்பரும் வச்ச பலகையைப் பின்னாடி மாட்டினாதான் விடுவாங்க. பேட்டரி சைக்கிள்னா பேட்டரியைக் கழட்டி உள்ள வைங்க, எடையும் குறையும் மழைக்கும் பயமில்ல. நடுக்குழாய் சாய்வா இருக்கற சைக்கிளைத் தொங்கவிட தனியா ஒரு குறுக்குக் கம்பி கிடைக்குது. கார்பன் பிரேம்னா குழாயைக் கவ்விப் பிடிக்கற ரேக் வேணாம், சக்கரத்தைப் பிடிக்கற வகையா பாருங்க.

பயணம் இல்லாத நாள்ல ரேக்கைக் கழட்டி வைங்க, வெறும் பார் நின்னாலும் பெட்ரோல் குடிக்கும், விசில் சத்தம் வேற.

கடைசியா ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். நீங்க போடற வண்டி விமர்சனத்துல குதிரைத்திறன் வருது, டச் ஸ்கிரீன் எத்தனை இன்ச்னு வருது, சீட்டுத் தையல் நிறம் கூட வருது. கூரை எத்தனை கிலோ தாங்கும், கொக்கி எத்தனை கிலோ தாங்கும், பின் சீட்டு நடுவுல கதவு இருக்கா இல்லையா, இந்த மூணையும் அந்தப் பட்டியல்ல ஒரு ஓரமாவாவது சேத்துப் போடுங்க.

இப்படிக்கு,
பழைய செடானை விக்கிறதா இல்லாத வாசகன்