மதியத்துக்கு மேல் அவளோடு யார் இருக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரிகள் திறந்துவிட்டன. முதலாமாண்டு மாணவர்களை வரவேற்கும் படங்கள் உங்கள் மாவட்டப் பக்கங்களில் தினமும் வருகின்றன. ரோஜாப்பூ, சந்தனம், கற்கண்டு, மேடையில் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தில் கைதட்டிக்கொண்டிருக்கும் பெண்களில் சிலர் தீபாவளிக்கு ஊருக்குப் போனால் திரும்பி வரமாட்டார்கள் என்பது விடுதி நடத்தியவர்களுக்குத் தெரியும். அவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் தஞ்சை, திருவாரூர் பக்கத்தில் அரசு கல்லூரி மாணவியர் விடுதிகளில் காப்பாளினியாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது அவற்றுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாறியிருக்கிறது. என் காலத்தில் வெறும் ஹாஸ்டல்தான். அரிசி, பருப்புக் கணக்கு, தண்ணீர் மோட்டார், இரவு எட்டு மணி வருகைப்பதிவு, யாருக்குக் காய்ச்சல், யார் சாப்பிட வரவில்லை, இதுதான் வேலை. கல்லூரிக்குள் என்ன நடக்கிறது என்று பேராசிரியர்கள் சொல்வார்கள். கல்லூரி முடிந்த பிறகு நடப்பதை எங்களைப் போன்றவர்கள்தான் சொல்ல முடியும்.

பாதியில் நிற்பவர்கள் படிப்பு வராத பெண்கள் என்று வெளியில் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அப்படி இல்லை. பிளஸ் டூவில் 600-க்கு ஐந்நூறுக்கு மேல் வாங்கி, ஊர்ப் பள்ளிக்கூடத்து வாசலில் பிளக்ஸ் வைக்கப்பட்ட பெண்ணும் அதில் உண்டு. முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். முதல் வாரம் முழுக்கக் கையில் நோட்டை வைத்துக்கொண்டே திரிந்தாள். செப்டம்பரில் அந்த நோட்டு எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை. "ஏம்மா படிக்கல?" என்று கேட்டேன். "என்ன படிக்கணும்னு யாரும் சொல்லல மேடம்" என்றாள். சோம்பேறித்தனத்துக்கு ஒரு சாக்கு என்றுதான் கேட்கிறவர்களுக்குத் தோன்றும். அவள் பள்ளியில் எப்படிப் படித்தாள் என்று யோசித்தால் விஷயம் புரிந்துவிடும்.

பள்ளியில் அவளுக்கு எல்லாமே நேரம் குறித்து நடந்தது. காலையில் ஸ்பெஷல் கிளாஸ். முதல் பீரியடில் ஸ்லிப் டெஸ்ட். சாயங்காலம் மறுபடி ஸ்பெஷல் கிளாஸ், அதற்குச் சுண்டலோ பிஸ்கட்டோ டீச்சரின் கைக்காசில். காலாண்டு, அரையாண்டு, அப்புறம் வரிசையாகத் திருப்புதல் தேர்வுகள். ஒரு பாடத்துக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த ஒரே புத்தகம். அதில் பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்விகளை நெட்டுருப் போட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஒன்றை விட்டால் திட்டுவதற்கு ஓர் ஆள் இருந்தார். அந்தத் திட்டுதான் அவளை எழுப்பி உட்கார வைத்தது. நம் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் இந்தப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வருகிற பாட்டை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இழுத்த கை ஒரே நாளில் விட்டுவிடுகிறது.

எங்கள் பக்கத்து அரசு கலைக் கல்லூரிகள் பலவற்றில் ஷிப்ட் முறை. முதல் ஷிப்ட்டில் சேர்ந்தவளுக்கு மதியத்தோடு வகுப்பு முடிந்துவிடும். இரண்டரை மணிக்கு அவள் விடுதிக் கட்டிலில் படுத்திருப்பாள். பள்ளி முடியும்வரை தொடக்கூடாது என்று சொல்லியிருந்த செல்போன் இப்போது சொந்தமாகக் கையில். இரவு ஒரு மணிவரை ரீல்ஸ். சார்ஜர் செருகும் பாயின்ட்டுக்காக எங்கள் விடுதியில் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. போனைப் பிடுங்கி வைக்க வேண்டும் என்று சொல்லும் பெற்றோர் உண்டு. நான் வைத்ததில்லை. காலியான மதியத்தைக் காலியாகவே விட்டுவிட்டு போனை மட்டும் பிடுங்கினால் அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். அது போனைவிட மோசம்.

சேர்க்கை நடக்கும் முறை இன்னொரு சிக்கல். கலந்தாய்வு கட்டம் கட்டமாக நடக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைத்தவர்கள் விலகிப் போக, காலியான இடத்துக்கு ஆகஸ்டிலும் ஆள் சேர்கிறார்கள். இடம் வீணாகாமல் ஓர் ஏழைப் பிள்ளைக்குக் கிடைப்பது நல்லதுதான். ஆனால் அவள் வந்து உட்காரும்போது முதல் யூனிட் முடிந்திருக்கும், நட்புக் கூட்டங்கள் அமைந்திருக்கும், வரவேற்பு விழாவும், பள்ளிப் பாடத்திலிருந்து கல்லூரிப் பாடத்துக்குப் பழக்கும் இணைப்பு வகுப்பும் முடிந்து வெகுநாள் ஆகியிருக்கும். புதிதாகச் சேர்கிறவர்களைப் பழக்க ஓர் அறிமுகப் பயிற்சி நடத்த வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே 'தீக்ஷாரம்ப்' என்ற பெயரில் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. நான் பார்த்த இடங்களில் அது சில நாள் சொற்பொழிவாகச் சுருங்கிப் போனது. பிந்தி வந்தவளுக்கு அந்தச் சில நாளும் இல்லை.

அந்தச் சொற்பொழிவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாற்பது வயதில் தன் அலகைத் தானே பாறையில் மோதி உடைத்துக்கொண்டு புதுப் பிறவி எடுக்கும் கழுகின் கதையை எத்தனை மேடையில் கேட்டாயிற்று! அப்படி ஒரு கழுகே உலகத்தில் கிடையாது, அலகு போனால் பட்டினியில் செத்துப்போகும் என்று எங்கள் விடுதியில் இருந்த விலங்கியல் மாணவி ஒருத்தி சிரித்தாள். பிள்ளைகள் கைதட்டுவார்கள், விசில் அடிப்பார்கள். மறுநாள் காலையில் கெமிஸ்ட்ரி நோட்ஸ் ஆங்கிலத்தில் இருக்கும்.

சரி, அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். எங்கள் விடுதியில் கொஞ்சம் பலன் தந்தது மிகச் சாதாரணமான ஏற்பாடு. இரவுச் சாப்பாடு முடிந்து தட்டுக் கழுவியதும் சாப்பாட்டுக் கூடத்திலேயே முதலாமாண்டுப் பெண்களை உட்கார வைத்தோம். காப்பாளினி பக்கத்தில் இருந்தால் பயத்தில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்கள் என்பதால் நான் தள்ளியே இருந்தேன். மூன்றாமாண்டு இயற்பியல் படித்த ஒரு பெண்ணிடம் பொறுப்பை விட்டேன். முதல் பருவத்தில் அவளே இரண்டு பேப்பரில் அரியர் வைத்துப் பின்னால் எழுதித் தேறியவள். அதனால்தான் அவளைத் தேர்ந்தெடுத்தேன். எல்லாப் பாடத்திலும் முதலாவதாக வரும் பெண்ணிடம் இவர்கள் வாயைத் திறப்பதில்லை.

அந்த அக்கா பாடம் நடத்தவில்லை. இன்றைக்கு வகுப்பில் என்ன நடந்தது, நோட்டைப் பார்க்காமல் ஐந்து வரி எழுது என்பாள். எழுத வராவிட்டால் தமிழில் எழுது என்பாள். அப்புறம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினாள். எங்கள் பக்கத்துப் பல்கலைக்கழகத் தேர்வில் அப்போது ஒரு பேப்பருக்கு 75 மதிப்பெண், இன்டர்னலுக்கு 25. எழுத்துத் தேர்வில் தேற 30 வேண்டும். இரண்டு மதிப்பெண் கேள்வி பத்து, ஐந்து மதிப்பெண் கேள்வி ஐந்து, பத்து மதிப்பெண் கேள்வி மூன்று. "பத்து சின்னக் கேள்வியை ஒழுங்கா எழுதினா இருபது, கூட ரெண்டு அஞ்சு மார்க் கேள்வி எழுதினா முப்பது, பாஸ்டி" என்றாள். ஒருத்தி அழுதுகொண்டே சிரித்ததை நான் பார்த்தேன். அவ்வளவு நாளும் அவள் பெரிய கேள்விகளைப் பார்த்தே மிரண்டிருந்தாள். பாஸ் மார்க் மட்டும் வாங்கினால் போதும் என்று சொல்லிக்கொடுக்கலாமா என்று ஒரு பேராசிரியர் என்னிடம் கோபப்பட்டார். அவர் வகுப்பில் அறுபதும் எழுபதும் வாங்குகிறவர்களை அவர் பார்த்துக்கொள்ளட்டும். கல்லூரியே வேண்டாம் என்று பெட்டியைக் கட்டுகிறவளுக்கு முதலில் முப்பது கண்ணில் தெரிய வேண்டும். முப்பது தெரிந்த பெண்களில் பலர் பிறகு அதோடு நிற்கவும் இல்லை.

கும்பகோணத்துக்காரி என்பதால் ராமானுஜனைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊர் டவுன் ஹைஸ்கூலில் பரிசு வாங்கிய பிள்ளை. 1904-ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசு கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகவில்லை. மற்றப் பாடங்களில் தோற்று உதவித்தொகை பறிபோனது. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரி, அங்கேயும் எஃப்.ஏ. (பட்டப்படிப்புக்கு முந்தைய அந்தக் காலத்துத் தேர்வு) தேறவில்லை. நம் பேச்சாளர்கள் இவ்வளவையும் ஒரே வரியில் தாண்டிக் கேம்பிரிட்ஜுக்குப் போய்விடுகிறார்கள். முதலாமாண்டுப் பிள்ளைகள் கேட்க வேண்டியது அந்த விசாகப்பட்டினத்துக் கதையைத்தான். தோற்றவர் எல்லாரும் ராமானுஜன் ஆவார்கள் என்று சொல்ல வரவில்லை. பள்ளியில் ஜொலித்த பிள்ளை கல்லூரிக்கு வந்ததும் தடுமாறுவது நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது, நாம் இன்னும் அதைத் தனிமனிதக் கோளாறாகவே பார்க்கிறோம் என்கிறேன்.

பணத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. 2022 செப்டம்பரில் வந்த புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய், ஒரு பெண் கல்லூரியில் இருப்பதற்கு அவள் வீட்டிலேயே ஒரு மரியாதையைக் கொடுத்திருக்கிறது. பையன்களுக்கு 2024-ல் தமிழ்ப்புதல்வன் வந்தது. அந்த ஆயிரத்தில் பாதியை அம்மாவின் குழுக்கடன் தவணைக்கு அனுப்பிய பெண்களையும் எனக்குத் தெரியும், அதைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வராது. ஆனால் பணம் வந்தபிறகும் சிலர் நின்றுபோகிறார்கள் என்றால் அங்கே குறைவது வேறு ஏதோ ஒன்று.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை போனில் மகள் அழுதால் "உனக்குப் பிடிக்கலைன்னா வந்துடு கண்ணு" என்பார் அம்மா. "உன்னைப் படிக்க வைக்க நான் படற பாடு தெரியுமா" என்பார் அப்பா. இரண்டுமே அவளை அன்றைக்கு இரவு தூங்க விடாது. அம்மா சொன்னதைக் கேட்டு அவள் மனசுக்குள் பெட்டி கட்டத் தொடங்குகிறாள். அப்பா சொன்னதைக் கேட்டு இனிமேல் எதையும் வீட்டில் சொல்லக்கூடாது என்று முடிவெடுக்கிறாள். "இன்னிக்கு யார்கூட உக்காந்து சாப்பிட்ட?" என்று கேட்டுப் பாருங்கள். தினம் தினம் தனியாகச் சாப்பிட்டேன் என்று பதில் வந்தால் காப்பாளினிக்கு ஒரு போன் போடுங்கள். மார்க்கைப் பற்றி நவம்பரில் கேட்டுக்கொள்ளலாம்.

தீபாவளி விடுமுறை முடிந்து மூன்று நாள் ஆகியும் ஒரு பெண் வராவிட்டால் கல்லூரியிலிருந்து வீட்டுக்கு ஒரு போன் போக வேண்டும். இப்போது நடப்பது என்ன? வருகைப்பதிவில் ஆப்சென்ட் விழுந்துகொண்டே இருக்கும். தேர்வுக் கட்டணம் கட்டாதவர்களின் பட்டியல் எடுக்கும்போதுதான் அவள் பெயர் கண்ணில் படும். அதற்குள் அவள் திருவாரூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருப்பாள், அல்லது வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். முதல் வாரத்தில் கூப்பிட்டால் பாதிப்பேர் திரும்பி வருவார்கள், நான் கூப்பிட்டு வந்திருக்கிறார்கள். ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டால் வெட்கம் குறுக்கே நிற்கும்.

மனம் ரொம்பவும் உடைந்துபோன பிள்ளைகளுக்கு அக்காவும் காப்பாளினியும் போதாது. மனநல ஆலோசனைக்கான 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், 2022-லிருந்து இருக்கிறது. அதைக் கல்லூரிக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அச்சடித்து என்ன பயன்? சாப்பாட்டுக் கூடத்திலும் குளியலறைக்குப் போகும் வழியிலும் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும். பார்த்துக்கொண்டு நின்றால் யாராவது கவனிப்பார்களோ என்ற பயம் இல்லாத இடமாக அது இருக்க வேண்டும்.

உயர்கல்வித் துறைக்கு என் கோரிக்கை பெரிய செலவுள்ளது இல்லை. ஷிப்ட் முடிந்த பிறகு மதியம் இரண்டு மணி நேரத்துக்கு நூலகத்தையோ காலி வகுப்பறையையோ முதலாமாண்டுக்காகத் திறந்து வையுங்கள். துறைக்கு இரண்டு மூன்று மூத்த மாணவர்களை, கட்டாயம் ஒருவராவது அரியர் எழுதித் தேறியவராக இருக்கும்படி, அதற்குப் பொறுப்பாகப் போடுங்கள். அவர்களுக்கு மாதம் ஒரு தொகை கொடுங்கள். இலவசமாகச் செய்யச் சொன்னால் வசதியுள்ள பிள்ளைகளே செய்வார்கள், ஆனால் ஜவுளிக்கடைப் பகுதிநேர வேலைக்குப் போகும் பிள்ளைகளால் முடியாது, நமக்கு வேண்டியதோ அவர்கள்தான். மூன்றாவது வாரத்திலேயே ஒரு சின்னத் தேர்வு வைத்து, விடைத்தாளைத் திருத்தி அதே வாரத்தில் கையில் கொடுங்கள். பிந்திச் சேர்ந்தவர்களுக்கு ஆகஸ்ட் கடைசியில் இதையே இன்னொரு முறை செய்யுங்கள். பேச்சாளருக்கும் பந்தலுக்கும் ஆகும் செலவை இதற்குத் திருப்பினாலே தொடங்கிவிடலாம். இந்த ஆண்டே, ஒரு மாவட்டத்திலாவது.

என்னிடம் இருந்த பெண்கள் சிலர் இதில் அடையாளம் தெரியக்கூடும் என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விடுதிக் காப்பாளினி,
கும்பகோணம்.