கடைசி மூன்று நிமிடத்தைச் சுருக்காதீர்கள்

படங்களை டிவிடியாகவும் ப்ளூ-ரேயாகவும் ஓடிடி வழியாகவும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் ஸ்டுடியோக்காரர்களுக்கும் ஓடிடி நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகனுக்கு ‘ரஷ் ஹவர் 2’ போட்டுக் காட்டினேன். அவனுக்கு 12 வயது, ஜாக்கி சானை இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறான். ஹாங்காங்கில் மூங்கில் சாரத்தில் தொங்கிக்கொண்டு போடும் சண்டையிலேயே படம் அவனைப் பிடித்துக்கொண்டது. நான் நடுநடுவே, "இருடா, படம் முடிந்ததும் எழுந்துவிடாதே, அப்புறம்தான் சூப்பரான விஷயம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். படமும் முடிந்தது. பெயர்கள் ஓட ஆரம்பித்ததுமே படம் சுருங்கித் திரையின் மூலையில் தீப்பெட்டி அளவுக்குப் போய்விட்டது. மீதி இடம் முழுக்க வேறொரு படத்தின் போஸ்டர், கீழே ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணிக்கை. சோபா இடுக்கில் கிடந்த ரிமோட்டை எடுத்து எந்தப் பட்டன் என்று பார்ப்பதற்குள் அந்த வேறு படம் ஓட ஆரம்பித்துவிட்டது. "இதுதானாப்பா அது?" என்று கேட்டான். அதற்காகத்தான் இந்த மடல்.

ஜாக்கி சான் படத்தில் கடைசியில் வரும் ப்ளூப்பர்கள், அதாவது படப்பிடிப்பில் சொதப்பிய காட்சிகள், படம் முடிந்த பிறகு ஒட்டவைத்த இனாம் கிடையாது. 1981-இல் ‘தி கேனன்பால் ரன்’ என்ற ஹாலிவுட் படத்தில் அவர் ஒரு சின்ன வேடத்தில் நடித்தார். அதன் இயக்குநர் ஹால் நீதம் படத்தின் முடிவில் சொதப்பிய ஷாட்களை ஓட்டினார். அது ஜாக்கிக்குப் பிடித்துப்போய்த் தன் படங்களுக்கும் எடுத்துக்கொண்டார். ஆனால் அங்கே சிரிப்புக்காக இருந்தது, இவரிடம் வந்தபோது வேறொன்றாக ஆகிவிட்டது. ‘ஆர்மர் ஆஃப் காட்’ படத்துக்காக மரத்திலிருந்து விழுந்து மண்டை ஓடு உடைந்ததையும், ‘ரம்பிள் இன் தி பிராங்க்ஸ்’ படத்தில் கணுக்கால் உடைந்தபின் கட்டுப்போட்ட காலுக்கு மேல் ஷூ மாதிரியே பெயின்ட் அடித்த சாக்ஸை மாட்டிக்கொண்டு மீதிப் படத்தை முடித்ததையும் நாங்கள் தெரிந்துகொண்டது அந்தக் கடைசி நிமிடங்களில்தான். இவ்வளவு நேரம் பார்த்த சண்டைக்கு என்ன விலை கொடுத்திருக்கிறார்கள் என்று காட்டுகிற இடம் அது. அதைத் தீப்பெட்டிக்குள் வைத்தால் எப்படி?

‘ரஷ் ஹவர் 2’ விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. வெளிப்படையாகச் சொல்கிறேன், இந்தப் படத்தின் கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. கள்ள டாலர், ஹாங்காங்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ், அங்கிருந்து லாஸ் வேகாஸ், அவ்வளவுதான். இரண்டு போலீஸ்காரர்களை ஜோடி சேர்க்கும் படங்களில் கதையை யார் பார்க்கிறார்கள்? ஒருத்தர் வாயைத் திறக்காதவர், இன்னொருத்தர் வாயை மூடாதவர், இவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் எப்படிச் சகித்துக்கொள்ளப் போகிறார்கள் என்பதைத்தான் பார்க்கிறோம். 1998-இல் வந்த முதல் பாகம் அந்த ஜோடியைச் சேர்த்துவைத்தது. 2001 ஆகஸ்டில் வந்த இரண்டாம் பாகம் உலகம் முழுக்க சுமார் 35 கோடி டாலர் வசூலித்ததற்கும் அந்த ஜோடிதான் காரணம் என்பது என் எண்ணம். வேடத்தைக் கழற்றிவைத்துவிட்டு அந்த இருவரும் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிவது ப்ளூப்பர்களில்தான். ஷாட் நடுவே, ஜாக்கியோடு ஜோடியாக நடித்த கிறிஸ் டக்கரின் செல்போன் அடிக்கிறது, ஜாக்கி அதை வாங்கிப் பேசுகிறார். ஜான் லோன் நடித்த வில்லன் உயரத்திலிருந்து விழுந்ததும் டக்கர் எட்டிப்பார்த்து, ஐயோ, இவன் மூன்றாம் பாகத்தில் இருக்கமாட்டானே என்கிறார். எனக்கு முழுப் படத்திலும் அதைவிடப் பிடித்த இடம் இல்லை.

ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒரு நன்றியும் பாக்கி இருக்கிறது. அந்த வருடம் டிசம்பரிலேயே இதன் டிவிடி வந்துவிட்டது. ‘இன்ஃபினிஃபிலிம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை ஆன் செய்துவிட்டுப் படம் பார்த்தால் நடுவே திரையில் ஒரு சின்னக் குறிப்பு எட்டிப்பார்க்கும், அதை அழுத்தினால் அந்தக் காட்சி சம்பந்தமான வீடியோவுக்குப் போய்விட்டு, விட்ட இடத்துக்கே திரும்பலாம். யாரோ ஒருவர் உட்கார்ந்து, இந்த இடத்தில் பார்க்கிறவனுக்கு இந்தச் சந்தேகம் வரும் என்று யோசித்துச் செய்த வேலை அது. வெட்டிய காட்சிகள், இயக்குநர் பிரெட் ராட்னரின் பேச்சு என்று இன்னும் நிறைய. ஒரு படம் எப்படி உருவாகிறது என்பதில் எனக்கு ஆர்வம் வந்ததே இந்த மாதிரி டிவிடிகளால்தான். படத்தில் வரும் ரெட் டிராகன் கேசினோ, லாஸ் வேகாஸில் அதற்குமுன் மூடப்பட்டிருந்த டெசர்ட் இன் ஹோட்டல். அதன் கோபுரங்களில் ஒன்றை 2001 அக்டோபரில் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள், டிவிடி வீடுகளுக்கு வந்தபோது அது தரையில் இல்லை. இப்படித் தோண்டத் தோண்ட வரும் சங்கதிகள் எல்லாம் ஓடிடியில் பார்த்தபோது எங்கே போயின? படம் மட்டும் இருந்தது, அதிலும் வால் அறுந்த படம்.

செட்டிங்ஸில் போய் அடுத்த படம் தானாக ஓடுவதை நிறுத்திக்கொள்ளலாமே என்பீர்கள். செய்யலாம், இப்போது செய்தும்விட்டேன். ஆனால் படத்தை முதல்முறை பார்க்கிறவருக்கு அங்கே ஒன்று இருக்கிறது என்பதே தெரியாதே. தெரியாத ஒன்றை எதற்காக செட்டிங்ஸில் தேடப்போகிறார்? என் மகன் தனியாகப் பார்த்திருந்தால், இந்தப் படத்தில் ப்ளூப்பர் இருப்பது தெரியாமலே வளர்ந்திருப்பான்.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. பெயர்கள் எந்த நொடியில் ஓட ஆரம்பிக்கின்றன என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குறி வைக்கிறீர்கள், அதை வைத்துத்தான் படம் சுருங்குகிறது. பெயர்களோடு காட்சியும் ஓடுகிற படங்களுக்கு அந்தக் குறியைக் கடைசிக் காட்சிக்குப் பின்னால் நகர்த்திவிடுங்கள். முடிந்தால் ப்ளூப்பர்களுக்கும் சப்டைட்டில் போடுங்கள், அங்கே எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்துக்கொண்டே பேசுவதில் பாதி புரிவதில்லை. டிவிடிக்காக ஒருமுறை தயாரித்துவிட்ட வெட்டிய காட்சிகளையும் பேச்சுகளையும் படத்தோடு சேர்த்தே கொடுங்கள். நான்காம் பாகம் பற்றிப் பேச்சு அடிபடுகிறது. அது வரும்போதாவது இதெல்லாம் சேர்ந்து வரட்டும்.

அன்று ராத்திரி அலமாரிக்கு மேலிருந்த பழைய டிவிடி பிளேயரை இறக்கினேன். தட்டு பாதிதான் வெளியே வந்தது, நகத்தைவிட்டு இழுத்துத்தான் டிஸ்க்கை வைக்க முடிந்தது. நேராகக் கடைசிக்கு ஓட்டினேன். செல்போன் காட்சிக்கு மகன் விழுந்து விழுந்து சிரித்தான், இரண்டு தடவை திரும்பப் போடச் சொன்னான். தூங்கப் போகும்போது, "அப்பா, மூணாவது பார்ட்டில் நிஜமாவே அந்த வில்லன் இல்லையா?" என்று கேட்டான். இந்த ஞாயிற்றுக்கிழமை அவனோடு அதைப் பார்க்கப் போகிறேன். அந்தப் படத்தின் முடிவிலும் ப்ளூப்பர் இருக்கிறது. என்னிடம் அதன் டிஸ்க் இல்லை.

அன்புடன்,
உங்கள் ரசிகன்