முறுக்குப் பஞ்சாயத்தும் அண்ணனின் மாஸ்க்கும்

அன்புள்ள லோகா,

இங்கு எல்லாரும் நலம். இவருக்கு மூட்டுவலி பரவாயில்லை. சின்னவனுக்கு ஜூரோங்கில் வேலை கிடைத்துவிட்டது. தோ பாயோவில் தினமும் மழை. குசலம் முடிந்தது.

உன் பேத்திக்குப் பேர் வைத்த அன்று நான் முறுக்கைத் தொடவே இல்லை என்று சொல்லித் திரிகிறாயாம். "சிங்கப்பூர்க்காரிக்கு ஈப்போ முறுக்கு இறங்கவில்லை" என்றாயாமே, கோகிலா உடனே போன் போட்டுவிட்டாள். அவள் வாயில் எது தங்கியிருக்கிறது, பள்ளிக்கூடத்து நாளிலிருந்து! சரி, காரணத்தைக் கேள். அன்று காலை என் கடைவாய்ப்பற்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வாயை மூடினால் முன்பல் மட்டும் முட்டுகிறது, பின்னால் இடைவெளி. அந்த வாயை வைத்துக்கொண்டு முறுக்கை என்ன செய்வது, சப்புவதா?

எனக்கு ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு, இருப்பதை உன்னிடம் சொல்லாமலே விட்டிருந்தேன். சொன்னால் நீ சிரிப்பாய் என்று தெரியும். மருத்துவமனையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவே, "இவ்வளவு ஒல்லியா இருக்கீங்க, உங்களுக்கா?" என்றார். உடம்பு பருத்தவர்களுக்குத்தான் வரும் என்று நானும் நினைத்திருந்தேன். தாடை சிறியதாகவோ பின்தள்ளியோ இருந்தால் ஒல்லியானவர்களுக்கும் வருமாம், நம் ஆசியர்களில் அது அதிகமாம். பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு வாய்ப்பு கூடுகிறதாம். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, மூச்சுப் பாதை அடைத்துக்கொள்கிறது. மூளை பதறி எழுப்பிவிடுகிறது. ஒயர்களை எல்லாம் ஒட்டிக்கொண்டு தூங்கிக் காட்டியதில் எனக்கு மணிக்கு 18 முறை மூச்சு தடைபடுகிறது என்று வந்தது. 5 முதல் 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. இங்கே 2016இல் வந்த ஓர் ஆய்வில் பத்தில் மூன்று பேருக்கு நடுத்தரமோ கடுமையோ இருந்ததாம், அதிலும் பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாதாம். எங்கள் புளோக்கில் இரவு லிஃப்டுக்குக் காத்திருந்தால் எந்தெந்த வீடு என்று நானே சொல்லிவிடுவேன்.

காற்று ஊதும் மெஷினை முதலில் தந்தார்கள். முகத்தில் அதை மாட்டியதும் எனக்கு நெஞ்சு அடைத்தது, ஒத்துவரவில்லை. அப்புறம்தான் பல் மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் பல்லையும் ஈறையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, தாங்கும் என்று சொன்ன பிறகே அச்செடுத்தார். மேல்பல்லுக்கு ஒரு பிளேட், கீழ்ப்பல்லுக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்து கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், நாக்கும் கூடவே முன்னால் வந்து வழி விடும். விலையைக் கேட்காதே. அதைக் கழுவித் தருகிறேன் என்று இவர் ஆவி பறக்கும் தண்ணீரை ஊற்றப் போனார் பார், நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா எட்டிப் பார்த்தார். சூடு பட்டால் வளைந்துவிடும், பச்சைத் தண்ணீரும் சோப்பும்தான்.

மூச்சு சரியானது, வாய் போனது. முதல் சில வாரம் காதுக்கு முன்னால், தாடை மூட்டில், எழுந்ததும் ஒரு வலி. பல் ஒவ்வொன்றும் கூசும். கொய்யாவைக் கண்டால் கோபம் வந்தது. கஞ்சி, இடியாப்பம், தயிர்சாதம் என்று பச்சைப்பிள்ளை மாதிரி சாப்பிட்டேன். துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து கன்னத்தில் வைத்துக்கொண்டே தமிழ் முரசு படிப்பேன். பிறகு வாயை மெதுவாகத் திறந்து மூடி, இடம் வலம் அசைக்கும் பயிற்சி. கண்ணாடி முன்னால் நின்று அதைச் செய்வதை மருமகள் பார்த்துவிட்டாள், என்ன நினைத்தாளோ. வலி தாங்கவில்லை என்று பல் மருத்துவரிடம் போனேன். அவர் பிளேட்டைக் கழற்றி வைக்கச் சொல்லவில்லை. முன்னால் தள்ளியிருந்ததைக் கொஞ்சம் பின்னால் எடுத்தார். தாடை பழகிய பிறகு மறுபடியும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்த்தினார். இப்படியே ஏறி இறங்கி, குறட்டையும் அடங்கி வலியும் அடங்குகிற ஓர் இடத்தில் நிறுத்தினார். குத்துகிற மாதிரி வலித்தாலோ வாய் திறக்க வராவிட்டாலோ காத்திருக்காமல் உடனே வா என்றார், அப்படி ஒன்றும் ஆகவில்லை.

தாடை மூட்டுவலி போய்விட்டது லோகா. போகாதது அந்தக் கடைவாய்ப்பல் விஷயம். இரவெல்லாம் தாடை முன்னால் நின்றுவிட்டு, காலையில் தன் இடத்துக்குத் திரும்பச் சோம்பல்படுகிறது. அதற்கென்று சின்னதாக ஒரு கட்டை கொடுத்திருக்கிறார்கள். எழுந்ததும் அதைக் கடித்துக்கொண்டு, பின்பற்கள் தொடும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும். அன்று உன் வீட்டுக் குளியலறை வாசலில் நின்ற வரிசையில் கட்டையைக் கடித்துக்கொண்டு நிற்கச் சொல்கிறாயா? உன் சம்பந்தியம்மா முன்னால்?

இது தினம் வந்து போகிற கோளாறு. என் கவலை வேறு. கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள். கீழ்த்தாடைக்குப் பின்னால் போக ஆசை, பிளேட் விடுவதில்லை. அந்த இழுவை முழுவதும் பற்கள்மேல்தான் விழுகிறது. மேல்வரிசை முன்பற்கள் உள்ளே சாயும், கீழ்வரிசை வெளியே சாயும். வருடக் கணக்கில், கண்ணுக்குத் தெரியாத அளவில் நடக்கும் என்றார். திரும்பி வருமா என்றேன். அப்படி நகர்ந்தது தானாகத் திரும்பும் என்று நம்பக் கூடாது என்றார். பல பேருக்குத் தெரியவே தெரியாதாம், அச்செடுத்துப் பழையதோடு ஒப்பிட்டால்தான் தெரியுமாம். எனக்கா தெரியாது! பாஸ்போர்ட் படத்தை எடுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பேரன் "பாட்டி ஏன் இளிக்கிறாங்க?" என்கிறான். நம் வகுப்பில் என் பல்வரிசையைத்தானே எல்லாரும் சொல்வார்கள், உன் கையெழுத்தைச் சொல்கிற மாதிரி. இந்த வயதில் அதில் என்ன இருக்கிறது என்று நீ கேட்பாய். இருக்கிறது.

பிளேட்டை விட்டுவிடலாம் என்றுகூட ஒரு நாள் இவரிடம் சொன்னேன். இவர் பதில் பேசவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, டிவியைப் பார்த்தபடியே சொன்னார்: நான் மூச்சு நின்று கிடக்கும்போதெல்லாம் என் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பாராம். வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று. எத்தனை வருடமாக என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இது இரத்த அழுத்தத்தை ஏற்றும், பக்கவாதம் வரைக்கும் கொண்டுபோகும் என்று டாக்டர் சொன்னபோது கூட நான் தலையைத்தான் ஆட்டினேன். இதைக் கேட்டதும் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன். பல் சாய்ந்தால் சாயட்டும் என்று அன்றைக்கு முடிவுசெய்தேன். கண்ணாடி பார்ப்பது மட்டும் நிற்கவில்லை.

இப்போது உன் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் தன் காற்று ஊதும் மெஷினை மூட்டை கட்டி அலமாரியில் வைத்துவிட்டார், ஈறு வலிக்கிறது என்கிறார் என்று எழுதியிருந்தாய். என்னுடைய பிளேட் அவருக்கு ஆகாது. பிடித்துக்கொள்ளச் சொந்தப் பல் வேண்டும், அவருக்கு மேலும் கீழும் பல்செட். அவருக்கு மெஷின்தான் வழி. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். மாஸ்க்கை அளவு பார்த்தபோது பல்செட் போட்டிருந்தாரா? தூங்கும்போது கழற்றிவிடுகிறாரா? கழற்றினால் கன்னமும் உதடும் உள்ளே போய்விடும், காலையில் பொருந்திய மாஸ்க் ராத்திரி பொருந்தாது. காற்று கசியும். உங்கள் வீட்டு ஆளின் குணம் எனக்குத் தெரியும், கசிந்தால் வாரைப் பிடித்து இழுப்பார். இழுக்க இழுக்க அது மேலுதட்டை ஈறோடு அழுத்தும். வலிக்காமல் என்ன செய்யும்? முகம் முழுக்க மூடுகிற மாஸ்க்காக இருந்தால் முகவாயையும் பின்னால் தள்ளும், தாடை மூட்டும் வலிக்கும்.

அவரைத் திட்டாதே. மெஷின் வாங்கிய இடத்துக்குக் கூட்டிப்போ. எப்படித் தூங்குவாரோ அப்படியே, பல்செட் இல்லாமல், படுத்த நிலையில், காற்று ஓடும்போது மாஸ்க்கைப் பொருத்திப் பார்க்கச் சொல். பல்செட் இல்லாமல் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம் பிடிப்பார், திரையைப் போடச் சொல். மூக்கை மட்டும் மூடுகிற சின்ன மாஸ்க் சரிவருமா என்றும் கேள். வாயைத் திறந்து தூங்குகிறவர் என்றால் அது எடுபடாது, அதை அவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். எதுவும் சரிவராவிட்டால் டாக்டரிடம் போங்கள், அலமாரிக்கு மட்டும் திரும்ப வேண்டாம். நீயும் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருப்பாய், எனக்குத் தெரியும்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு வரலாம் என்று இருக்கிறோம், தேதி முடிவானதும் சொல்கிறேன். தேக்காவிலிருந்து என்ன வேண்டும் என்று பட்டியல் அனுப்பு. போன தடவை மாதிரி பஸ் ஏறின பிறகு அனுப்பாதே. இந்தப் பல்செட் விவரம் எதையும் கோகிலாவிடம் சொல்லிவிடாதே, அண்ணன் என் முகத்தில் விழிக்க மாட்டார்.

உன்
விமலா