கிரியேட்டினின் எண் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நரம்பு வலிக்காகக் கபாபென்டின் 300 மி.கி. மாத்திரையை நாளைக்கு மூன்று வேளை உட்கொண்ட என் தாயார், நான்காம் நாள் காப்பி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல், பேச்சின் நடுவிலேயே கண் செருகிச் சாய்ந்தார். அவருக்கு வயது 78, எடை 42 கிலோ. இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடித்து வெளியேற்றும் கழிவுப்பொருள்) அளவு 1.2 என்றிருந்ததால் சிறுநீரகம் நன்றாக இருப்பதாகவே சொல்லியிருந்தார்கள். கிரியேட்டினின் தசையிலிருந்து உருவாவது. தசை வற்றிய முதியவர்களுக்குச் சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் அந்த எண் அதிகம் உயராது. வயது, எடை, பாலினம் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரப்படி பார்த்தால், அவருடைய சிறுநீரகத்தின் வடிதிறன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 26 மில்லி லிட்டர்தான். கபாபென்டின் கல்லீரலில் சிதையாமல் சிறுநீர் வழியாகவே வெளியேறும் மருந்து என்பதால், இந்த நிலையில் இருப்பவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரே வேளையாக 200 முதல் 700 மி.கி. வரைதான் தரலாம். சர்க்கரை நோயாளிகள் பலரும் உட்கொள்ளும் மெட்ஃபார்மினையும் வடிதிறன் 30-க்குக் கீழே இறங்கினால் நிறுத்தியாக வேண்டும்.

பரிசோதனைக் கூடங்கள் கிரியேட்டினினுடன் வடிதிறன் மதிப்பீட்டையும் கட்டாயம் அச்சிடவும், முதியோரின் மருந்துச் சீட்டில் மருத்துவர்கள் எடையைத் தவறாமல் குறிக்கவும் சுகாதாரத் துறை ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்