வேலூர் வெயிலும் சிவப்பு ஒயினும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையிலேயே பருக வேண்டும் என்று தங்கள் நாளிதழின் உணவுப் பகுதி கூறுவது, கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூருக்குப் பொருந்தாது. அது ஐரோப்பாவின் குளிர்ந்த பழைய வீடுகளுக்குரிய அறிவுரை. அடர்ந்த சிவப்பு ஒயினுக்கு 16 முதல் 18 டிகிரியே ஏற்றது.

லெபனானில் ஹோஷார் குடும்பத்தினர் 1930இல் தொடங்கி நடத்திவரும் ஷாத்தோ முசார் நிறுவனம், பெக்கா பள்ளத்தாக்கில் விளையும் கேபர்னே சோவினியோன், காரின்யான், சென்சோ திராட்சைகளைக் கலந்து, ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் பக்குவப்படுத்திய பிறகே தன் முதன்மைச் சிவப்பு ஒயினை விற்பனைக்கு அனுப்புகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொணர்ந்த அந்த ஒயினை மேசையில் இருந்தபடியே ஊற்றியபோது மதுவின் நெடி மட்டுமே மூக்கில் ஏறியது. குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்து, அடியில் தங்கிய வண்டல் கலங்காமல் மெதுவாக ஊற்றிய பின்னரே உலர்ந்த அத்தி, செர்ரி, கிராம்பு ஆகியவற்றின் மணமும், நாவற்பழம் போல நாவில் நிற்கும் துவர்ப்பும் தெளிந்தன.

ஆம்பூர் பிரியாணிக்கு இது நல்ல துணை என்பார் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. மிளகாயின் காரம் மதுவின் எரிச்சலைக் கூட்டும். மிளகிட்டு வறுத்த ஆட்டிறைச்சியே பொருத்தம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காட்பாடி.