அம்பாசிடரை எழுப்பும் முன்

தருமபுரி

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. அப்பாவின் மார்க் 2 அம்பாசிடரை வீட்டார் எல்லோரும் சேர்ந்து சரிசெய்யப் போகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஆனால் எட்டு வருஷம் கொட்டகையில் நின்ற வண்டி. புது பேட்டரி மாட்டி உடனே செல்ஃப் அடித்துவிடாதே. சிலிண்டரில் எண்ணெய் காய்ந்து பிஸ்டன் ரிங் துருவோடு ஒட்டியிருந்தால், அந்த ஒரே இழுப்பில் ரிங் முறியும். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, துளைக்கு ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறட்டும். பிறகு நியூட்ரலில் வைத்து, முன்னால் இன்ஜினைச் சுற்றும் ஹேண்டிலைப் போட்டு மெல்லச் சுற்று. இறுகினால் முரட்டுத்தனம் வேண்டாம், இன்னும் ஊறவிடு.

டேங்கில் கிடக்கும் பெட்ரோல் பிசினாகியிருக்கும், முழுக்க இறக்கிவிடு. இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து ரப்பருக்கு ஆகாது. பெட்ரோல் ஹோஸ், பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு (டயாப்ரம்) இரண்டையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்று.

பெயின்ட்டுக்கு முன்னால் பிரேக்குக்குச் செலவு பண்ணு. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், அதனால் வீல் சிலிண்டருக்குள் துருக்குழி விழும். விரல் விட்டுத் தடவிப் பார். நகத்தில் குழி தட்டினால் சிலிண்டரையே மாற்று, ரப்பர் கிட் மட்டும் போட்டால் திரும்பவும் கசியும். ரப்பரைப் பெட்ரோலில் கழுவாதே, உப்பிவிடும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடை, அந்த நேரம் பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவது, அதாவது ஏர் எடுப்பதுதான் குடும்பமே சேர்ந்து செய்யும் வேலை. பெடல் மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கு. தங்கச்சி பெடலை மிதித்துப் பிடிக்க, நீ சக்கரத்தில் காற்று வெளியேறும் திருகை (நிப்பிளை) தளர்த்து. டியூப் முனை ஆயில் பாட்டிலுக்குள் முங்கியிருக்கட்டும், குமிழி வருவது கண்ணுக்குத் தெரியும். நிப்பிளை இறுக்கிய பிறகுதான் "விடு" என்று சொல். முந்திக் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். மாஸ்டரில் ஆயில் குறையாமல் பார்ப்பது பெரியவன் பொறுப்பு. சின்னவளுக்கு இடைவெளி அளக்கும் தகடான பீலர் கேஜைக் கொடு: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டர்.

நம் பக்கத்து போர்த் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதே, உப்புப் படிந்து குழாய் அடைத்துவிடும். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்ட்டும் பாதிக்குப் பாதி. வண்டிக்குள் தரை விரிப்பைத் தூக்கி, கதவுக்கு அடியிலும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார். பொத்தல் விழுந்த இடத்தை வெட்டித் தகடு வெல்டிங் வைக்கச் சொல். துரு மேலேயே பட்டி பூசினால் அடுத்த மழைக்கே கொப்பளிக்கும். வண்டியின் அடையாளமான சேஸிஸ் நம்பர் மேல் உப்புத்தாள் படவே கூடாது.

ஆர்.சி. புதுப்பிக்க முடிந்தால் படிவம் 25-இல் விண்ணப்பி. 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி விண்டேஜ் பதிவும் உண்டு. ஆனால் அதில் தினசரி ஓட்ட முடியாது. உனக்கு முதல் வழிதான் நல்லது.

தயாரானதும் தொப்பூர்க் கணவாய்க்கு இறக்காதே. நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறினால் மிதித்தும் பிடிக்காது. முதலில் காவேரிப்பட்டினம் வரை போய் வா. இறங்கியதும் நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் காட்டிப் பார்; ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் ஷூ உரசுகிறது. எந்தப் பக்கம் என்று எழுது.

அன்புடன்,
சிவா