கோலாவை விடு, பாட்டிலைப் பார்

அன்புள்ள கதிருக்கு,

நைஜீரியாவில், லாகோஸில் ஒரு குளிர்பான பாட்டிலிங் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்று அப்பா சொன்னார். சந்தோஷம். 1996 கிரிக்கெட் உலகக் கோப்பையில் கோக் அதிகாரப்பூர்வ பானமாக இருந்ததையும், பெப்ஸி அதையே கேலி செய்து பேர் வாங்கியதையும் பெரிதாக எழுதியிருந்தாய். நல்ல விளம்பரம்தான். ஆனால் விளம்பரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பாட்டிலிங் கம்பெனியில் நாலு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. பாட்டிலர், அதாவது அந்தந்த ஊரில் பானத்தை அடைத்து விற்கும் கம்பெனி யார், காலி பாட்டில் யார் கையில், சர்க்கரைக்குக் கொடுப்பது எந்த நாட்டுக் காசு என்று மூன்று கேள்வி கேட்டால், எந்த நாட்டில் யார் ஜெயித்தார்கள் என்பது தானாகப் புரியும்.

கோக்கோ பெப்ஸியோ வெளிநாட்டில் பெரும்பாலும் விற்பது கான்சன்ட்ரேட்தான், அதாவது பானத்துக்கு ருசி தரும் அடர்த்தியான மூலக் கலவை. தண்ணீர், சர்க்கரை, கேஸ் (கார்பன் டை ஆக்சைடு), பாட்டில், லாரி, கூலி எல்லாம் பாட்டிலர் செலவு. சர்க்கரைப் பாகில் கான்சன்ட்ரேட்டைக் கலந்து, அந்த சிரப் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஐந்து பங்கு சேர்த்து, குளிரவைத்து, கேஸ் ஏற்றி அடைப்பார்கள். கடைக்காரருக்குத் தெரிந்த முகமும் பாட்டிலரின் ஆள்தான். அதனால் பாட்டிலர் கட்சி மாறினால் சந்தையே மாறிவிடும்.

வெனிசுவேலாவில் அதுதான் நடந்தது. தென் அமெரிக்காவில் கோக்கை பெப்ஸி வெகுதூரம் முந்தியிருந்த நாடு அது. காரணம் பல பத்தாண்டுகளாக பெப்ஸியை அடைத்துவந்த சிஸ்னெரோஸ் குழுமம். 1996 ஆகஸ்டில் அவர்கள் கோக்கோடு கூட்டுச் சேர்ந்தார்கள். பிளான்ட், லாரி, ரூட் எல்லாம் ஒரே ராத்திரியில் எதிர்முகாம் போனது. குடிப்பவர்களின் ருசி மாறவில்லை, வாங்கத்தான் பெப்ஸி கிடைக்கவில்லை. பிறகு போலார் குழுமத்தைப் பிடித்து பெப்ஸி திரும்பி வந்தது, ஆனால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியவில்லை. உன் கம்பெனியின் ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது, யாருக்கு விற்க உரிமை இருக்கிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்.

அடுத்தது காலி பாட்டில். கண்ணாடி பாட்டில் ஓடும் ஊரில் சரக்கைவிட எம்ப்டிதான் முக்கியம். திரும்பி வரும் எம்ப்டி அளவுக்குத்தான் அடுத்த லோடு நிரம்பும். வெயில் காலத்துக்கு முன்னால் டீலர்கள் கிரேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டால், சிரப் இருந்தும் லைன் நிற்கும். பாட்டிலுக்காக அவர்கள் கட்டும் டெபாசிட், அதன் விலையைவிட ரொம்பக் குறைவாக இருந்தால் அவர்களுக்குத் திருப்பித்தர அவசரமே இருக்காது. எதிர்க் கம்பெனியின் பாட்டிலும் உன் கிரேட்டில் கலந்து வரும். அதை லாரியில் ஏற்றுவதற்கு முன்பே பிரிக்கச் சொல். பிளான்ட்டுக்கு வந்த பிறகு பிரித்தால் பாட்டில் கழுவும் வாஷர் முன்னால் குவிந்துவிடும்.

உன் ஊரில் இந்தக் கணக்கையே புரட்டிப் போட்டது பெட் (PET) என்ற பிளாஸ்டிக் பாட்டில். கண்ணாடி பாட்டிலென்றால் கடை வாசலிலேயே குடித்துவிட்டுத் திருப்பித்தர வேண்டும். டிராஃபிக்கில் நிற்கும் பஸ் ஜன்னல் வழியாக, தலையில் பேசின் வைத்து விற்பவரிடம் வாங்குகிறவர் எப்படித் திருப்பித்தருவார்? 2016இல் ரைட் ஃபுட்ஸ் என்ற நைஜீரியக் கம்பெனி பிகி கோலாவை 60 சென்டிலிட்டர் பெட் பாட்டிலில், கோக், பெப்ஸியைவிடக் குறைந்த விலையில் இறக்கியது. அதன்பிறகு அந்த இரண்டு பெரிய கம்பெனிகளும் அதே அளவு பாட்டிலுக்கு வந்தார்கள். இங்கே 2023இல் காம்பா கோலா 200 மில்லியை 10 ரூபாய்க்குக் கொண்டுவந்தபோதும் இதே ஆட்டம்தான். மூன்றாவது ஆள் வந்தால்தான் முதல் இரண்டு பேரும் விலையைத் தொடுவார்கள்.

பெட் பாட்டிலில் ஒரு தொல்லை உண்டு. நான் லேபில் வேலை பார்த்தவள் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள். கோலாவில் கேஸ் கிட்டத்தட்ட 4 வால்யூம், அதாவது பானத்தின் கன அளவைப்போல நாலு மடங்கு இருக்கும். லிட்டருக்கு ஏறக்குறைய 8 கிராம். பெட் சுவர் வழியாக அது மெல்லக் கசியும். கண்ணாடியில் கசியாது. பாட்டில் சின்னதாக ஆக ஆக, உள்ளே இருக்கும் பானத்தோடு ஒப்பிட்டால் சுவரின் பரப்பு அதிகம். அதனால் சின்ன பாட்டிலில் கேஸ் சீக்கிரம் இறங்கும். வெயிலில் கசிவும் கூடும், பாட்டிலும் லேசாக விரியும். சுமார் 15 சதவீதம் இறங்கினாலே நாக்கு கண்டுபிடித்துவிடும். "இது டூப்ளிகேட்" என்று கடைக்காரர் சண்டைக்கு வருவார். சரக்கு அசல்தான், தகர ஷெட்டில் கிடந்ததுதான் கோளாறு. புகார் வந்தால் தேதியை மட்டும் பார்க்காதே. பாட்டிலைக் குலுக்கி, ஊசி கேஜில் அழுத்தம் எடுத்து, சூட்டையும் அளந்து, சார்ட்டில் வால்யூம் பார். நிரப்பும்போதே பானம் சூடாக இருந்தால் நுரைத்து வழியும், அளவும் குறையும். ஒரே பேட்சில் அளவு ஏறி இறங்கினால் பானத்தைக் குளிரவைக்கும் சில்லர் மெஷினைத்தான் முதலில் சந்தேகப்படு.

இனி காசு. 60 சென்டிலிட்டர் சாதா கோலாவில் ஏறக்குறைய 64 கிராம் சர்க்கரை. பத்தாயிரம் பாட்டிலுக்கு 640 கிலோ. நைஜீரியாவில் சுத்திகரிக்கும் சர்க்கரையில் பெரும்பகுதி இறக்குமதிக் கச்சாச் சர்க்கரை, அதற்கு டாலர் வேண்டும். பெட் பிசினுக்கும் அதே கதை. விற்பதோ அந்த நாட்டுக் காசான நைராவில். 2016 ஜூனில் நைரா விழுந்த பிறகும் கடையில் விலையை ஏற்ற முடியாமல் எல்லாரும் தவித்ததற்கு பிகியும் ஒரு காரணம். அதே வருடம் வெனிசுவேலாவில் சர்க்கரை கிடைக்காமல் கோக், சர்க்கரை சேர்த்த பானங்களின் உற்பத்தியையே நிறுத்தியது. இருபது வருடம் முன்னால் அங்கே அவர்கள் பெற்ற வெற்றியால் ஒரு மூட்டை சர்க்கரை வாங்க முடியவில்லை.

வெளியே தன் காசு செல்லாத நாட்டில் பெப்ஸி பண்டமாற்றே செய்தது. 1972 ஒப்பந்தப்படி சோவியத் யூனியனுக்கு கான்சன்ட்ரேட் போனது, பதிலுக்கு ஸ்டோலிச்னயா வோட்கா அமெரிக்கா வந்தது. 1974இல் நோவோரோசிஸ்கில் பிளான்ட் திறந்தார்கள். 1989இல் வோட்கா போதாமல் 17 பழைய நீர்மூழ்கிகளும் மூன்று போர்க்கப்பல்களும் கைமாறின. உலகின் ஆறாவது கடற்படை பெப்ஸியுடையது என்று சுற்றும் ஃபார்வர்டை நம்பாதே, அவை உடைத்து இரும்பாக விற்க வந்தவை. யூனியன் உடைந்ததும் அரசு பிளான்ட்டுகளை நம்பியிருந்த பெப்ஸி தடுமாறியது. கோக் சொந்தமாக பிளான்ட், லாரி போட்டு 1990களின் நடுவில் முந்தியது.

உள்ளூர் பிராண்டை அடிக்க முடியாவிட்டால் வாங்கிவிடுவார்கள். இங்கே 1993இல் தம்ஸ் அப், பெருவில் 1999இல் இன்கா கோலாவில் பங்கு. அதில் புதுசாக ஒன்றும் இல்லை.

வரியையும் கவனி. அங்கே 2022இல் இனிப்புப் பானத்துக்கு லிட்டருக்கு 10 நைரா வரி போட்டார்கள், உன் 60 சென்டிலிட்டருக்கு 6 நைரா. பிரிட்டனில் 2018இல் இந்த மாதிரி வரி வந்தபோது, சர்க்கரையை நூறு மில்லிக்கு 5 கிராமுக்குக் கீழே கொண்டுவந்தால் வரியே இல்லை என்று வைத்தார்கள், அதனால் அங்கே பல பானங்களின் ஃபார்முலாவை மாற்றினார்கள். உங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. சர்க்கரையைக் குறைப்பது செலவுக்காகத்தான் இருக்கும், யாராவது வரிக்காக என்று சொன்னால் தலையாட்டாதே.

கடைக்குப் போகும்போது கூலர் கதவைத் திறந்து பார். கரண்ட் போகிற ஊரில் கம்பெனி கூலர் பாதி நேரம் வெறும் அலமாரி. எதிர்க் கம்பெனி சரக்கு அதில் இருக்கிறதே என்று கடைக்காரரிடம் சண்டை போடுவதைவிட, ஐஸ் பெட்டி வைத்திருப்பவரிடம் எவ்வளவு போகிறது என்று கேள். எம்ப்டி கணக்கை மாதக் கடைசி வரை விடாதே, வாராவாரம் டீலர் வாரியாகப் பார். போன வார பாக்கி திரும்பாதவருக்குப் புது ஃபுல் கிரேட் ஏற்றாதே, அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஞாயிறு ராத்திரி போன் செய், அப்பாவுக்கு ரூட் கணக்கு பற்றி உன்னிடம் கேட்க நிறைய இருக்கிறது.

அன்புடன்,
அம்மா